அன்னாசிக் கேரமலும் கம்புச் சாக்கிரியும்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் சாக்கிரி என்றால், ஆவியில் வெந்த கம்புக் குறுணையைப் புளித்த தயிரில் கலந்து, சீனியும் ஜாதிக்காயும் சேர்த்துக் குளிரக் குளிரச் சாப்பிடும் இனிப்பு. மாலி, புர்கினா பாசோ, ஐவரி கோஸ்ட், பெனின் பக்கம் போனால் இதையே தெகே என்கிறார்கள். காம்பியாவில் பலர் அன்னாசித் துண்டுகளையும் கலந்துவிடுவார்கள். அந்த அன்னாசியை வெண்ணெயில் வாட்டி, கேரமலில் புரட்டி, மேலே வைத்துப் பரிமாறுகிற வகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கீழே சில்லென்ற, லேசாகப் புளிக்கிற கம்பு. மேலே ஓரம் சிவந்த, வெதுவெதுப்பான பழம். எனக்குத் தெரிந்து தயிரை வைத்துச் செய்யும் இனிப்புகளில் இதற்கு ஈடு குறைவு.

கம்பு அந்த மண்ணின் தானியம். வடக்கு மாலியில் தீலெம்சி பள்ளத்தாக்கில் கிடைத்த, பயிரிடப்பட்ட கம்பின் தடயங்கள் ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழமையானவை. நம் ஊர்க் கம்பு அங்கிருந்து வந்ததுதான். அதனால் இதற்கான முக்கியப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கம்பு ரவை கேட்டாலே போதும்.

இந்த இனிப்பு பல விதமாகக் கெடும். ஆனால் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். பழத்துக்குள் இருக்கும் தண்ணீர், பாகில் இருக்கும் தண்ணீர், தயிரில் இருக்கும் தண்ணீர். சரியாக வரவில்லை என்றதும் எல்லோருடைய கையும் சீனி டப்பாவுக்குத்தான் போகிறது. சீனியைக் கூட்டியோ குறைத்தோ இங்கே எதையும் சரிசெய்ய முடியாது. தண்ணீர் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பாருங்கள்.

முதலில் அளவும் செய்முறையும்

நாலு பேருக்கு: தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 500 கிராம், சீனி 100 கிராம், பழத்தில் தூவத் தனியாக ஒரு மேசைக்கரண்டி சீனி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சாக்கிரிக்கு: கம்பு ரவை 150 கிராம், கெட்டித் தயிர் 400 கிராம், சீனி 50 கிராம், துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, உலர் திராட்சை ஒரு கைப்பிடி, வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, வெனிலா இருந்தால் சில துளி.

அன்னாசியை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, சீனியும் உப்பும் தூவி 20 நிமிடம் வையுங்கள். விட்ட சாற்றை வடித்துத் தனியே வையுங்கள், கொட்டிவிடக் கூடாது. துண்டுகளைத் துணியில் ஒற்றி, பாதி வெண்ணெயில் இரு பக்கமும் சிவக்க வாட்டி எடுங்கள். வேறொரு பாத்திரத்தில் 100 கிராம் சீனி, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்துக் கேரமல் ஆக்குங்கள். அடுப்பை அணைத்து மீதி வெண்ணெய், பிறகு சூடாக்கிய அன்னாசிச் சாறு, கடைசியில் பழம். மறுபடி சிறுதீயில் ஐந்து நிமிடம். அவ்வளவுதான். கம்பை ஆவியில் வேகவைக்கும் முறை கீழே கம்புக்கான தலைப்பில் இருக்கிறது. இனி எது பிசகியதோ அந்தத் தலைப்புக்குப் போய்க்கொள்ளலாம்.

பழம் சிவக்கவில்லை, தண்ணீர் விட்டு வேகிறது

எல்லோருக்கும் நேர்வது இது. வாணலியில் போட்ட இரண்டாவது நிமிடமே பழம் சாறு விடும், சாறு கொதிக்கும், துண்டுகள் அதிலேயே வெந்து வெளிறிப்போகும். அன்னாசியின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வாணலியில் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சீனி கேரமலாக 160 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் எவ்வளவு நேரம் கிளறினாலும் நிறம் வராது.

வாட்டுவதற்கு முன்பே தண்ணீரை வெளியே எடுத்துவிடத்தான் சீனியும் உப்பும் தூவி 20 நிமிடம் வைக்கிறோம். அந்த நேரத்தில் கிண்ணத்தின் அடியில் நாலைந்து கரண்டி சாறு சேர்ந்துவிடும். நன்றாகப் பழுத்த பழம் இன்னும் கூட விடும். வடித்த பிறகு துணியில் ஒற்றுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஈரம் இருந்தால் வாணலியின் முதல் சூடு முழுவதும் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

அடுத்தது நெருக்கடி. 500 கிராம் பழத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கிவிடும். துண்டுகளுக்கு நடுவில் ஆவி வெளியேற வழியும் இருக்காது. இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. போட்ட பிறகு கரண்டி பக்கம் கை போகக் கூடாது. மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். முதலில் சலசலவென்று ஈரமாகக் கேட்கும் சத்தம், தண்ணீர் வற்ற வற்றப் பொரிகிற சத்தமாக மாறும். அப்போது ஒரு துண்டை இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். தானாகக் கழன்று வந்தால் சிவந்திருக்கும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை, பிய்த்து எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சாறு விட்டுவிட்டதா? பழத்தை அரித்து எடுத்துவிடுங்கள். சாற்றை மட்டும் பெருந்தீயில் பாதியாக வற்றவிடுங்கள், தனியே எடுத்து வையுங்கள். வாணலியைத் துடைத்து, காயவைத்து, பழத்தை ஒற்றிவிட்டு மறுபடி வெண்ணெயில் போடுங்கள். பழம் சற்று மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் நிறம் வந்துவிடும். வற்றிய சாறு கேரமலுக்கு உதவும்; அதில் பழத்தின் மணம் முழுவதும் இருக்கிறது.

உறைபெட்டியில் வைத்த அன்னாசி இதற்கு உதவாது. உறையும்போது பழத்தின் செல்கள் கிழிந்துவிடுவதால் இளகியதும் பஞ்சாகி நீரைக் கொட்டிவிடும். டப்பாவில் வருகிற அன்னாசியைப் பயன்படுத்தலாம். அரை மணி நேரம் வடிகட்டியில் போட்டுவிட்டுப் பிறகு ஒற்றுங்கள். அதற்குச் சீனி தூவ வேண்டாம்.

பழம் சிவந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு

அன்னாசி பறித்த பிறகு இனிக்காது. மாம்பழம்போல வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் தோல் மஞ்சளாகும், சதை இளகும், புளிப்பு சற்றே மட்டுப்படும். சர்க்கரைச் சத்து ஏறாது. வாங்கும்போதே அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், மணம் வர வேண்டும். தோலின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பெனின் நாட்டில் அல்லாடா மேட்டுநிலத்தில் விளைகிற "பேன் த சுக்ர்" என்ற அன்னாசி பழுத்த பிறகும் பச்சைத் தோலோடுதான் இருக்கும். உள்ளே வெளிறிய சதை, தேனாக இனிக்கும். 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரே பழத்திலும் அடிப்பக்கம் இனிப்பு, கொண்டைப் பக்கம் புளிப்பு. புளித்த பழம் கையில் இருந்தால் அடிப் பாதியை வாட்டுவதற்கு வைத்துக்கொண்டு, மேல் பாதியைச் சாறாக்கிக் கேரமலில் ஊற்றுங்கள். கேரமலுக்கு அந்தப் புளிப்பு நல்லது.

பாகு பூத்து மணல் மணலாகிவிட்டது

சீனியும் தண்ணீரும் கொதித்துக்கொண்டே இருக்கும். நிறம் வரப்போகிற நேரம் பார்த்து ஓரத்தில் வெள்ளையாகப் படியத் தொடங்கி, அரை நிமிடத்தில் பாத்திரம் முழுவதும் பூத்துக் கல்லாகிவிடும். மைசூர்பாக்குக்குப் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கே இது அதிகம் நடக்கிறது. பாகு என்றால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது. கேரமலுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

தண்ணீர் வற்ற வற்றச் சீனிக்குக் கரைந்திருக்க இடம் குறைகிறது. கரையாத ஒரே ஒரு சீனி மணி உள்ளே விழுந்தால் போதும், மற்றது எல்லாம் அதன்மேல் வந்து படியும். அந்த மணி பெரும்பாலும் பாத்திரத்தின் சுவரிலிருந்தோ கரண்டியிலிருந்தோதான் வருகிறது. எனவே சீனி முழுவதும் கரையும்வரை மட்டும், சிறுதீயில், கிளறலாம். பாகு தெளிந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பாத்திரத்தைக் காதைப் பிடித்து மெல்லச் சுழற்றுவதோடு சரி. சுவரில் சீனி ஒட்டியிருந்தால் ஒரு நிமிடம் தட்டுப் போட்டு மூடுங்கள். ஆவி வழிந்து கழுவிவிடும்.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இதற்குத்தான். புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரித்துவிடும். மூன்றும் கலந்திருக்கும்போது எதுவும் சுலபத்தில் ஒன்றுசேர்ந்து படிய முடியாது. அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

பூத்துவிட்டதைக் கொட்ட வேண்டியதில்லை. நாலு மேசைக்கரண்டி வெந்நீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டு, சிறுதீயில் ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கரையவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். சீனிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கால் மணி நேரம் போகும், அவ்வளவே.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாக்கிரியில் தயிரோடு கலக்கத் தாராளமாகப் போடுங்கள், கம்புக்கு வெல்லம் பொருந்தும். கேரமலுக்கு வேண்டாம். அவற்றில் சீனி அல்லாத பொருள்கள் நிறைய இருக்கின்றன, அவை முதலில் கருகும். முதலிலேயே பழுப்பாக இருப்பதால் எப்போது சிவந்தது, எப்போது கருகியது என்றும் தெரியாது.

கேரமல் கசக்கிறது

கருகியிருக்கிறது. ஒரு நிமிடம், சில நேரம் இருபது நொடி தாமதம். அந்த நேரத்தில் பாத்திரத்தில் நடப்பதைப் பார்க்கத் தெரிந்தால் தெர்மாமீட்டர் தேவையில்லை. முதலில் பெரிய குமிழிகள், வெடித்து வெடித்துச் சத்தம் போடும். தண்ணீர் இன்னும் நிறைய இருக்கிறது. பிறகு குமிழிகள் சிறுத்து, நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மெதுவாக வெடிக்கும், சத்தம் அடங்கும். இதுவரை பாகு நிறமில்லாமல்தான் இருக்கும். அடுத்து, தீ அதிகம் படுகிற ஏதோ ஒரு ஓரத்தில் மட்டும் வைக்கோல் நிறம் தோன்றும். அங்கிருந்து எல்லாம் வேகம் பிடிக்கும். தீயைக் குறைத்துச் சுழற்றுங்கள். வைக்கோல் நிறம் தேனாகும், தேன் செம்பழுப்பாகும். மேலே மெல்லிய புகை ஒரு இழை எழும்பும். அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்த நேரம் 175 டிகிரி வாக்கில் இருக்கும். 190-ஐத் தாண்டினால் கசப்புதான் மிஞ்சும்.

அடுப்பை அணைத்தாலும் பாத்திரத்தின் அடியிலிருக்கும் சூடு பாகை மேலே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் விரும்புகிற நிறத்துக்கு ஒரு படி முன்பே அணைத்து, உடனே வெண்ணெயைப் போடுங்கள். வெண்ணெயும் சாறும் சூட்டை இறக்கிவிடும். வெண்ணெய் வெட்டி, சாறு சூடாகி, இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தால்தான் இது நடக்கும். சீனி சிவந்த பிறகு குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து வெண்ணெய் தேடினால் கேரமல் காத்திருக்காது.

கருகிய கேரமலைச் சரிசெய்ய வழியில்லை. சீனியோ பாலோ சேர்த்துக் கசப்பை மறைக்க முடியாது, பழத்தையும் சேர்த்துத்தான் கெடுக்கும். 100 கிராம் சீனிதான், போகட்டும். மறுபடி வையுங்கள். லேசாக, காப்பிக் கசப்பு அளவுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். இனித்த பழத்தோடும் புளித்த தயிரோடும் சேரும்போது அது நன்றாகவே இருக்கும். எனக்கு அந்த அளவுக் கசப்பு பிடிக்கும்.

பாத்திரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய அலுமினியத்தில் நடுவில் கருகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. இரும்பு வாணலியில் அன்னாசியின் புளிப்பு பட்டுக் கறுத்து, இரும்பு வாடை வரும். ஈயம் போன பித்தளையில் புளிப்பை வைக்கவே கூடாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. உள்ளே வெளிச்சமாக இருப்பதால் பாகின் நிறம் நேராகத் தெரியும்.

சாறு ஊற்றியதும் கேரமல் கட்டியாகிவிட்டது

பயப்பட வேண்டாம், எதுவும் கெடவில்லை. ஆறின சாறு 170 டிகிரிப் பாகின்மேல் விழுந்ததும் பாகு கண்ணாடிபோல இறுகிவிட்டது. சிறுதீயில் வைத்து, கிளறாமல் மூன்று நான்கு நிமிடம் விட்டால் மெல்லக் கரைந்து சாற்றோடு சேரும். சாற்றைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் முதலிலேயே இது நடக்காது.

ஊற்றும்போது பாகு சீறிப் பொங்கும். ஆழமான பாத்திரம் வையுங்கள், முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது, அதனால் கொதிக்கிற தண்ணீரைவிட மோசமாகச் சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வைக்க வேண்டாம்.

வெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது

இந்த ஒரு இடத்தில்தான் தண்ணீர் போதாமல் கெடுகிறது. அதிக நேரம் வற்றவிட்டதால் வெண்ணெயும் பாகும் ஒன்றாக நிற்க முடியவில்லை. இரண்டு தேக்கரண்டி வெந்நீர் விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வேகமாக அடியுங்கள். பளபளவென்று சேர்ந்துவிடும். நெய் இதற்குச் சரிப்படாது. வெண்ணெயில் உள்ள தண்ணீரும் பால் புரதமும் கேரமலோடு இணைய உதவுகின்றன, நெய்யில் இரண்டும் இல்லை. வாட்டுவதற்கு மட்டும் நெய் போதும்.

தயிர் கசக்கிறது, நீர்த்துவிட்டது

கலந்தபோது நன்றாக இருந்தது, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தயிர் தளர்ந்து, அடிநாக்கில் ஒரு கசப்பு. தயிர் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், காரணம் அன்னாசி. அதில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. பால் புரதம் அப்படி வெட்டுப்படும்போது கசக்கும். பச்சை அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு அரிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நன்றாகச் சூடுபட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும். டப்பா அன்னாசியைப் பாலிலும் தயிரிலும் கலந்தால் கசக்காததற்குக் காரணம் அதுவே, அடைக்கும்போதே சூடுபடுத்திவிடுகிறார்கள். நம் வீட்டு அன்னாசியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், வெளியே சிவந்த துண்டு உள்ளே பச்சையாகவே இருக்கும். பெருந்தீயில் மூன்று நிமிடம் வாட்டினால் மேல்பக்கம் வெந்துவிடும், நடுவில் வெதுவெதுப்புகூட ஏறியிருக்காது. அதனால்தான் கேரமலில் போட்ட பிறகு சிறுதீயில் ஐந்து நிமிடம் சொன்னேன். துண்டை இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் ஆவி பறக்க வேண்டும், சதை வெளிறிய நிறம் மாறிக் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமாக வெட்டியிருந்தால் எட்டு நிமிடம் விடுங்கள்.

கசந்த தயிரைத் திருப்ப முடியாது. வெறும் நீர்த்தல் மட்டும் என்றால் அது வேறு காரணம்: பழம் சுடச்சுட இறங்கியிருக்கிறது, அல்லது தயிரிலேயே தண்ணீர் அதிகம். பழத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். தயிரை மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். இன்னொரு வழி பால் பவுடர். செனகலின் தலைநகர் டக்காரில் பல வீடுகளில் பால் பவுடரைக் கரைத்துத்தான் தயிர் தோய்க்கிறார்கள். நம் தயிரில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கட்டியில்லாமல் கலந்து அரை மணி நேரம் வைத்தால் தளர்வு போய்விடும், சுவையும் அந்த ஊர்ச் சாக்கிரிக்கு நெருங்கிவரும்.

பப்பாளி போடுகிறவர்களும் இதையே கவனியுங்கள். அதிலும் புரதத்தை வெட்டும் நொதி உண்டு, காயில் மிக அதிகம்.

கம்பு கட்டி கட்டியாகிவிட்டது, அல்லது கடிக்கிறது

உப்புமாபோலக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கம்பு ரவை கூழாகத்தான் முடியும். சாக்கிரியில் ஒவ்வொரு குறுணையும் தனித்தனியாக நிற்க வேண்டும். ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்துப் புட்டு மாவு பதத்துக்குப் பிசறி, கால் மணி நேரம் ஊறவிட்டு, இட்லிப் பானையில் துணி விரித்து 10 நிமிடம் ஆவியில் வையுங்கள். எடுத்துத் தட்டில் உதிர்த்து, மறுபடி தண்ணீர் தெளித்து, மறுபடி 10 நிமிடம். மூன்றாவது தடவையும் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். செனகலிலும் கம்பை இப்படித்தான் பல தடவை ஆவி காட்டுவார்கள். ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் வெளியே குழைந்து உள்ளே நறநறவென்றிருக்கும். கடைசி ஆவியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு தேக்கரண்டி வெண்ணெயைப் பிசறுங்கள்; கட்டி கட்டாது.

நன்றாக ஆறிய பிறகே தயிர். குளிரில் வைத்தால் கம்பு தயிரின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும். பரிமாறும் முன் கொஞ்சம் குளிர்ந்த பாலை விட்டுத் தளர்த்துங்கள்.

கம்பே கசந்தால் ரவை பழசு. கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல், அரைத்துவிட்டால் சில நாளிலேயே சிக்கு வாடை வந்துவிடும். பாக்கெட்டை வாங்கும்போது அரைத்த தேதியைப் பாருங்கள், வீட்டில் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். இந்தக் கசப்பை ஜாதிக்காய் மறைக்காது.

தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் வைத்தேன், திரிந்துவிட்டது

அப்படியானால் நீங்கள் செய்தது சாக்கிரியைவிடச் சோம்பிக்கு நெருக்கம். தெற்கு செனகலில் காசமான்ஸ் பக்கத்து இனிப்பு அது: நொய்யரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். இதன்மேலும் அன்னாசிக் கேரமல் பிரமாதமாக இருக்கும். இரண்டாம் பாலில் அரிசியை வேகவிட்டு, குழைந்த பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை விடுங்கள். அதற்குப் பிறகு கொதி வரக் கூடாது. அரிசிக் கஞ்சி இருப்பதால் சட்டென்று திரியாது, தளதளவென்று கொதித்தால் மட்டும் பிரியும். திரிந்தாலும் சுவை கெடாது. இரண்டு கரண்டி சோற்றோடு சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று விட்டு மறுபடி கலந்தால் ஓரளவு சேர்ந்துகொள்ளும். கேரமலைச் சோம்பிக்குள் கலக்காமல் மேலே மட்டும் விடுங்கள், கலந்தால் நிறம் மங்கிச் சேற்று நிறமாகும்.

மாம்பழம் போட்டேன், கரைந்து கூழாகிவிட்டது

செனகலில் மாம்பழக் காலத்தில் கென்ட், கீட் வகைகள் நிறையக் கிடைக்கும். இரண்டும் நாரில்லாத, இறுகிய சதை. இங்கே அதற்கு ஈடாகச் சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே வெட்டிய பங்கனப்பள்ளியைச் சொல்வேன். இமாம்பசந்த், மல்கோவா இரண்டும் வெறும் வாயில் சாப்பிட வேண்டியவை, அடுப்பில் வைப்பது பாவம். அன்னாசியைப்போல முதலில் சீனி தூவி வைக்கக் கூடாது. பெரிய துண்டாக வெட்டி, நன்றாகக் காய்ந்த வாணலியில் ஒரு பக்கம் மட்டும் வாட்டி, அடுப்பை அணைத்த பிறகு கேரமலில் போடுங்கள். கரைந்துவிட்டதா? மசித்துக் கேரமலோடு சேர்த்துவிடுங்கள், நல்ல மாம்பழக் குழம்பு கிடைக்கும்.

வாழைப்பழம் என்றால் தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம். அதில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், தானே சிவக்கும். ஐவரி கோஸ்டில் பழுத்த வாழையை எண்ணெயில் பொரித்துச் செய்யும் அலோகோ தனிச் சீனி இல்லாமலே அந்த நிறத்துக்கு வருவது அதனால்தான். மிதமான சூட்டில் போட்டால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் எல்லாம் தண்ணீராக இருக்கிறது

பழத்தையும் சாக்கிரியையும் ஒன்றாகக் கலந்து வைத்ததன் விளைவு. கேரமலின் சீனி, பழத்திலிருந்தும் தயிரிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். குளிரில் பழம் மூன்று நான்கு நாள் தாங்கும், சாக்கிரி இரண்டு நாள். அதற்குள் புளிப்பு ஏறிவிடும். பழத்தைச் சுற்றிச் சேர்ந்த சாற்றை மட்டும் ஒரு சிறிய பாத்திரத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் வற்றவிட்டு, மறுபடி பழத்தின்மேல் ஊற்றினால் முதல் நாள் பளபளப்பு திரும்பிவிடும்.

பாத்திரத்தில் கேரமல் ஒட்டிக்கொண்டு வரவில்லை

கம்பி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒட்டிய உயரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி, கரண்டியையும் உள்ளேயே போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தானாகக் கரைந்து வந்துவிடும்.